கூலி போதும், ராயல்டி வேண்டாம்

ரசூல் பூக்குட்டி 2009ல் ஆஸ்கர் வாங்கியபோதுதான் ஒலிப்பதிவாளர் என்று ஒருவர் இருப்பதே நம்மில் பலருக்கு உறைத்தது. அவர் படித்த புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு தனிப் படிப்பு. ஆனாலும் இந்தத் தொழிலில் பெயர் கிடைப்பதில்லை என்பது பழைய மனக்குறை. சிகாகோவின் ஸ்டீவ் அல்பினிக்கோ நேர்மாறான குறை: ஒலிப்பதிவாளர்களுக்குத் தகுதிக்கு மீறிய பங்கு போகிறது.

1962ல் கலிபோர்னியாவில் பிறந்த அல்பினி படித்தது இதழியல். பிடித்துக்கொண்டது பங்க். மூன்று கார்டு தெரிந்தால் மேடையேறலாம், பெரிய கம்பெனிகளின் தயவு தேவையில்லை என்று 1970களில் கிளம்பிய முரட்டு ராக் அது. 1980களில் அவர் நடத்திய 'பிக் பிளாக்' குழுவில் டிரம்ஸ் வாசித்தது ஓர் இயந்திரம். ஆல்பம் உறையில் அதற்கும் 'ரோலண்ட்' என்று உறுப்பினர் அந்தஸ்து!

பிறகு மற்றவர்களின் இசையைப் பதிவு செய்வதே பிழைப்பானது. தயாரிப்பாளர் என்ற பட்டத்தை அவர் விரும்பவில்லை. 'பதிவு செய்தவர்' போதும். குழுவினர் சேர்ந்து வாசிக்க வேண்டும். அறையின் அதிர்வும் பதிவாகும்படி மைக்குகளை எட்டவும் வைப்பார். கணினி வந்த பிறகும் அவருக்குக் காந்த நாடாதான்.

புகழின் உச்சியிலிருந்த 'நிர்வாணா' குழு அழைத்தபோது, குழாய் ரிப்பேர்காரருக்குத் தருவதுபோல் வேலைக்கான கூலி தந்தால் போதும் என்ற பொருளில் கடிதம் எழுதினார். 1993ல் வெளியான 'இன் யூட்டரோ'வுக்கு அவர் வாங்கியது 1 லட்சம் டாலர், அதோடு சரி. ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. (அதில் இரண்டு பாடல்களை வேறொருவர் மீண்டும் மிக்ஸ் செய்தார் என்பது தனிக்கதை.)

இளையராஜா 2017ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதைப் பார்த்தவர்களுக்கு இது அசட்டுத்தனமாகப் படலாம். ஆனால் இசையை உண்டாக்கியவருக்கு ராயல்டி கூடாது என்று அல்பினி சொல்லவில்லை. பதிவு செய்தவனுக்கு அதில் என்ன பங்கு என்பதே அவர் கேள்வி.

நாக்கு நல்லதல்ல. பாலியல் வன்முறையையே பெயராக வைத்த ஒரு குழுவையும் நடத்தியவர். பிற்காலத்தில் அதற்கெல்லாம் சாக்குச் சொல்லாமல் வருந்தினார்.

ராயல்டியை உதறியவர் சீட்டாட்டத்தில் விட்டுக்கொடுக்கவில்லை: 2018லும் 2022லும் உலக போக்கர் தொடரில் பட்டம்.

1997ல் தொடங்கிய அவரது 'எலக்ட்ரிக்கல் ஆடியோ' ஸ்டுடியோவில் பெயர் தெரியாத குழுக்களுக்கும் கட்டுப்படியாகும் கட்டணம்தான். 2024 மே 7 அன்று மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 61. பத்து நாள் கழித்து, ஏற்கெனவே குறித்த தேதியில், அவரது 'ஷெல்லாக்' குழுவின் கடைசி ஆல்பம் வெளிவந்தது.