வெயிலுக்கு ஒரு தலைச்சீலை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், கடலை நேரே நோக்கி அமைந்த ஊர் வல்வெட்டித்துறை. பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் அவ்வூரார் பெற்ற புகழ் பெரிது. கடலோடு வாழ்வோருக்கு வெயிலோடும் காற்றோடும் பழகுவது இன்றியமையாதது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9.8 பாகையில் இருப்பதால், ஆண்டில் இரு முறை, சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி மாதத்திலும், நண்பகற் சூரியன் அவ்வூராரின் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கின்றது. மேலிருந்து விழும் ஒளி போதாதென்று, கடல் நீரும் வெண்மணலும் அதனைத் திருப்பி முகத்தில் எறிகின்றன. சோழகக் காற்று வீசும் மாதங்களிலோ புழுதியும் மணலும் கண்ணைத் திறக்கவொட்டாமல் அடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோர் கண்ட எளிய காப்பு, தலையில் ஒரு துணி. வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர் ஒரு துண்டைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்யும் பெண் சேலைத் தலைப்பைத் தலைமேல் இட்டுக்கொள்கிறாள். கோயிலுக்குப் போகையில் தோளில் கிடக்கும் சால்வையே வெயில் ஏறியதும் தலைக்கு வந்துவிடுகிறது. பனையோலைத் தொப்பி நல்ல நிழல் தருவதுதான். ஆயினும், அது காற்றிற் பறக்கும், நனைந்தால் பாரமாகும், மடித்து மடியில் வைக்க இயலாது. துணிக்கு இக்குறைகள் இல்லை.

இதே தேவைக்கு அரபு மக்கள் கண்ட விடைதான் இன்று உலகமெங்கும் அறியப்பட்ட சதுரத் தலைச்சீலை. அரபு நாட்டுக்கும் இலங்கையின் வடபுலத்துக்கும் உள்ள தொடர்பு நேற்றுத் தோன்றியதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்புகளுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபு முத்துக்குளிப்போர் வந்து போயினர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கினார். பெயர் மாற்றப்பட்ட அக்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு செங்கடலையும் சுயஸ் கால்வாயையும் கடந்து, 1938 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. 1970களின் பின்னர் வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றவர்களோ பலர். அவர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியிற் கொண்டுவரும் பொருள்களில் சிவப்புக் கட்டமிட்ட அந்தச் சீலையும் ஒன்று. ஆகவே அதனைத் தெரிந்தெடுக்கவும் அணியவும் அறிந்திருத்தல் பயனுடையது.

அரபுத் தலைச்சீலை ஒரே பெயருடையதன்று. குஃபியா என்பது பொதுப் பெயர். ஈராக்கிலுள்ள கூஃபா நகரின் பெயரோடு அது தொடர்புடையது என்பர். வளைகுடா நாடுகளில், மெல்லிய வெள்ளைச் சீலையைக் குத்ரா என்றும், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட சற்றுத் தடித்த பருத்திச் சீலையை ஷெமாக் என்றும் வழங்குவர். தலையில் முதலில் ஒரு சிறு வெண்தொப்பி, அதன்மேல் சீலை, அதன்மேல் அகால் எனப்படும் கறுப்பு வடம். ஓமான் நாட்டாரோ மசர் என்னும் சீலையைத் தலையைச் சுற்றி வரிந்து கட்டுவர். கடற்காற்று மிகுந்த கரைக்கு இவ்வகைக் கட்டு ஏற்றது என்பதைத் தமிழ்க் கடலோடிகள் எளிதில் உணர்வர். ஏனெனில் அவர்களுடைய கட்டும் அத்தகையதே.

இச்சீலைக்கு வெயில் காப்பதற்கு மேலாகவும் ஒரு பொருள் உண்டு. ஒரு காலத்தில் பாலஸ்தீனத்து உழவரும் பாலைவன நாடோடிகளுமே இதனை அணிந்தனர்; நகரத்தார் துருக்கித் தொப்பி அணிந்தனர். 1936 முதல் 1939 வரை பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக அங்கே எழுந்த கிளர்ச்சியின்போது, கிளர்ச்சியாளரைத் தனியே அடையாளங் காண முடியாதிருக்கும்பொருட்டு நகரத்தாரும் குஃபியா அணியத் தலைப்பட்டனர். அன்று முதல் கறுப்பும் வெள்ளையுமான சீலை அந்நாட்டு மக்களின் அடையாளமாயிற்று. ஹெப்ரோன் நகரில் 1961இல் தொடங்கிய ஒரு நெசவாலை அதனை நெய்து புகழ்பெற்றது. சிவப்பும் வெள்ளையுமான சீலையோ யோர்தான் நாட்டின் பாலைவனக் காவற்படையோடு இணைந்து பெருமை பெற்றது. பிறருடைய அடையாளமாக விளங்கும் ஓர் ஆடையை அணிகிறவர் அதன் வரலாற்றை அறிந்து, மதிப்போடு அணிதல் பண்பாகும்.

இனி, ஒரு துணி எவ்வாறு வெப்பத்தைத் தடுக்கின்றது என்பதைப் பார்ப்போம். உடலின் சூட்டைத் தணிக்க இயற்கை தந்த வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கவர்ந்து செல்கின்றது. வழிந்து நிலத்தில் விழும் வியர்வையால் இப்பயன் இல்லை. ஆவியாவதே பயன் தரும். தலைச்சீலை முதலாவதாகச் சூரியக் கதிரை மறிக்கின்றது. இரண்டாவதாக, தோலுக்கும் துணிக்கும் இடையே காற்று உலாவ ஓர் இடைவெளி தருகின்றது. மூன்றாவதாக, வியர்வையை உறிஞ்சிப் பரப்பி ஆவியாகச் செய்கின்றது. இம்மூன்றும் ஒருங்கே நிகழவேண்டுமாயின் துணி தளர்ந்து கிடத்தல் வேண்டும்.

இத்தளர்ச்சியின் பயனை ஓர் ஆராய்ச்சி நன்கு விளக்கியது. பாலைவனத்து பெதுவீன் மக்கள் கொடிய வெயிலிலும் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்னும் கேள்விக்கு விடை காண முயன்ற அறிவியலார், 1980இல் தம் முடிவை வெளியிட்டனர். கறுப்பு அங்கி வெள்ளை அங்கியிலும் மிகுதியான வெப்பத்தை உட்கொள்ளவே செய்தது. ஆயினும் அங்கி தளர்வாக இருந்தமையால், அம்மிகுதி வெப்பம் தோலைச் சேருமுன்னரே காற்றோடு கழிந்தது. அணிந்தவருடைய உடல் ஏற்ற வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. இது அங்கியைப் பற்றிய ஆராய்ச்சியேயாயினும், நிறத்தைக் காட்டிலும் தளர்ச்சிக்கும் காற்றோட்டத்துக்கும் முதலிடம் தரவேண்டும் என்பதைத் தலைச்சீலைக்கும் பாடமாகக் கொள்ளலாம்.

ஆனால், பாலைவனத்துக்கு ஏற்றது அப்படியே வல்வெட்டித்துறைக்கும் ஏற்றதாகிவிடாது. குடாநாட்டிலும் மணற் பரப்பு உண்டு. பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே மணற்காட்டில் மணற்குன்றுகள் எழுந்து நிற்பதையும், பழைய தேவாலயமொன்று மணலிற் புதையுண்டு கிடப்பதையும் காணலாம். கண்ணுக்கு அது பாலைவனம் போலத் தோன்றும். காற்றோ பாலைவனக் காற்றன்று. அரபு நாட்டின் உட்புறத்தில் காற்று உலர்ந்தது. நனைத்த துணி அங்கே விரைவில் உலர்ந்து தலையைக் குளிர்விக்கும். கடலோரக் காற்றிலோ ஈரம் மிகுதி. அங்கே வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. தடித்த ஷெமாக்கைக் கழுத்தைச் சுற்றி இறுக்கினால், புழுக்கம் உள்ளேயே தங்கிவிடும். வளைகுடாவின் கரையோர நகரங்களிலும் கோடைக்காலத்தில் இதே புழுக்கம் உண்டு என்பதை அங்கு வேலை செய்தோர் அறிவர்.

ஆகவே தெரிந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கடலோரத்துக்கு மெல்லிய, முழுப் பருத்திச் சீலையே சிறந்தது. மலிவாகக் கிடைக்கும் பல சீலைகள் செயற்கை இழையால் ஆனவை. அவை வியர்வையை உறிஞ்சா. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஒரு முறை கழுவிக் கஞ்சிப் பசை நீங்கிய துணியில் ஒரு துளி நீர் விட்டால், பருத்தி உடனே உறிஞ்சிக்கொள்ளும். செயற்கை இழையில் துளி சற்று நேரம் நிற்கும். அடுத்து, துணியை வாயருகே வைத்து ஊதிப் பார்த்தல் வேண்டும். மூச்சு தடையின்றிச் செல்லுமாயின் காற்றோட்டம் நன்று. பின்னர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். புள்ளி புள்ளியாக ஒளி மிகுதியும் தெரியுமாயின், தோலைச் சுடும் புறஊதாக் கதிர்களும் அவ்வாறே நுழையும். மெல்லிய வெள்ளைப் பருத்தி இக்கதிர்களைப் போதிய அளவு மறிப்பதில்லை. நனைந்தபின் இன்னுங் குறைவாகவே மறிக்கும். அத்தகைய துணியை உச்சியிலும் பிடரியிலும் இரண்டாக மடித்து இடுவதே வழி.

அளவும் பார்க்கத்தக்கது. பெரியவருக்கான ஷெமாக் பொதுவாக 48 முதல் 55 அங்குலம் வரை சதுரமாயிருக்கும். இதனிலுஞ் சிறியது முகத்தையும் பிடரியையும் ஒருங்கே மூடாது. ஊர்ச் சால்வை நீண்டு ஒடுங்கியது. வரிந்து கட்ட ஏற்றது. ஆனால் பிடரிக்குத் தனியே ஒரு தொங்கல் விடவேண்டும். வெயில் மிகுதியாகச் சுடுவது பிடரியையும் காதுகளையுமே. தலையுச்சியை மட்டும் மூடும் கட்டு பாதிக் காப்பே தரும்.

சதுரச் சீலையை அணியும் முறை எளிது. மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, மடிப்பு விளிம்பை நெற்றியில், புருவத்துக்கு மேலே வைக்க வேண்டும். ஒரு பக்கத்து முனை குட்டையாகவும் மறுபக்கத்து முனை நீளமாகவும் இருக்கட்டும். குட்டை முனையைத் தாடையின் கீழாக எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுசென்று, நீள முனையை அதற்கு மேலாக முகத்தின் குறுக்கே சுற்றித் தலையின் பின்புறம் எடுத்து, இரண்டையும் பிடரியில் முடிய வேண்டும். மணல் வீசும்போது மூக்கின்மேல் ஏற்றலாம். காற்று ஓய்ந்ததும் தாடைக்குக் கீழே தளர்த்திவிடலாம். முக்கோணத்தின் பின்முனை கழுத்தின்மேல் தொங்கி நிழல் தரும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். படகின் வெளியிணைப்பு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், சுழலும் பட்டி ஆகியவற்றின் அருகே முனைகள் தொங்குவது உயிருக்கே கேடு. அங்கே முனைகளை உள்ளே செருகிக் கட்டுவதே முறை. மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கும் கட்டட வேலை செய்வோருக்கும் தலைக்கவசம் முதன்மையானது. அதன் அடியில் தடித்த முடிச்சு இருந்தால் கவசம் சரியாக அமராது. ஒற்றை மடிப்பான மெல்லிய துணியே தகும். வாயை மூடிய சீலை பருமணலைத் தடுக்குமேயன்றிச் சீமெந்துத் தூசியின் நுண்துகளைத் தடுக்காது. பீடைநாசினி தெளிக்கையில் அது காப்பாகாது. மருந்தை உறிஞ்சி வைத்துத் தோலிற் சேர்க்கவும் கூடும். கடல் நீரில் நனைந்த துணியை நன்னீரில் அலசி உலர்த்துவது நல்லது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், அலசாத துணி முற்றாக உலராது. நெற்றியையும் கழுத்தையும் உராய்ந்து புண்ணாக்கும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. தலைச்சீலை வெயிலைக் குறைக்குமேயன்றி, வெயிலில் எவ்வளவு நேரமும் நிற்கலாம் என்னும் உரிமையைத் தராது. புழுக்கமான காற்றில் கடும் உழைப்புச் செய்வோரின் உடலுக்குள்ளேயே வெப்பம் பிறக்கின்றது. அதனைத் துணி தடுக்க முடியாது. இதனை உணர்ந்தே வளைகுடா நாடுகள் கோடைக்கால நண்பகலில் திறந்தவெளி வேலையைத் தடைசெய்துள்ளன. கட்டார் நாட்டில் 2021ஆம் ஆண்டின் விதிப்படி, ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 மணி வரை வெயிலில் வேலை வாங்குதல் கூடாது. வேலைக்குச் செல்வோர் இவ்விதியை அறிந்திருத்தல் வேண்டும். ஊரில் தோட்டத்திலும் கரையிலும் தொழில் செய்வோருக்கு இத்தகைய விதி இல்லையாயினும், அதிகாலையிலும் மாலையிலும் கடும் வேலையை முடித்து, நண்பகலில் நிழலில் ஓய்வதே அறிவுடைமை. தாகம் எடுக்குமுன்னரே சிறிது சிறிதாக நீர் அருந்துதல் வேண்டும்.

வேலை செய்து நின்றவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, முன்பின் முரணாகப் பேசினாலோ, அதனை வெறுங் களைப்பென்று விட்டுவிடலாகாது. உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடந்து அறிவு தடுமாறும் நிலை அது. உயிரைக் கொல்ல வல்லது. உடனே அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, தலைச்சீலையையும் இறுக்கமான உடைகளையும் அவிழ்த்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டேயிருத்தல் வேண்டும். நினைவு தடுமாறியவருக்கு வாயில் நீர் புகட்டலாகாது. இலங்கையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. அவருடைய தலையிலிருந்து அவிழ்த்த சீலையையே நீரில் நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் இட்டு, அது சூடேறுந்தோறும் மீண்டும் நனைத்து இடலாம்.