கொட்டிலைப் பார்க்காமல் பால் குடிக்கச் சொல்லலாமா?

நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருபவர்களில் பலர் அம்பேவெல பண்ணையையும் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள். பச்சைப் புல்வெளி, கொழுத்த ஐரோப்பிய இனப் பசுக்கள், இயந்திரக் கறவை என்று படமெடுக்க நிறையவே இருக்கிறது. போசணைத் துறையினரை அழைத்துப்போய்ப் பால் எப்படி வருகிறது என்று காட்டவும் அது தோதான இடம்தான்.

இத்தகைய பயணங்கள் அமெரிக்காவில் வழமையானவை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு நூறு இறாத்தல் பாலுக்கும் பண்ணையாளர்கள் 15 சதம் செலுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் இயங்கும் அமைப்புகள்தாம் உணவியலாளர்களைப் பண்ணைக்கு அழைக்கின்றன. அழைப்பவர் பாலை விற்க வேண்டியவர் என்பதைப் போகிறவர் மறக்காமல் இருந்தால் சரி. மலையகத்தில் அப்படியொரு பயணம் நடந்தால், அம்பேவெலயோடு நிறுத்திக்கொள்ளாமல் அட்டன் பக்கம் ஏதாவதொரு தேயிலைத் தோட்ட லயத்தின் பின்புறக் கொட்டிலுக்கும் போக வேண்டும். அங்கேதான் பாடம் இருக்கிறது.

2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். கிளினிக்கில் தாய்மாருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாலும் ஒன்று. ஆனால் வீட்டில் பசு கட்டியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகூடப் பால்மா கலந்த தேத்தண்ணிதான் குடிப்பதுண்டு. காலையில் பெரட்டுக்குப் போகுமுன் கறந்த பால் நேரே சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. அங்கே கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்து விலை போடுகிறார்கள். தோட்டச் சம்பளத்துக்கு வெளியே அந்த வீட்டுக்கு வரும் காசு அது. பாலை விற்பதை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை.

அந்தக் காசுக்குப் பின்னால் புல் இருக்கிறது. 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். நிலமோ கம்பனியின் கையில். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் குவாத்தமாலா புல் செழித்து நிற்கும். ஆனால் அது மண்ணைத் தேற்றுவதற்காக நட்டது, மாட்டுக்கல்ல. ஆகவே கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண், ஓடைக்கரையிலும் ரோட்டோரத்திலும் அறுத்த புல்லைக் கட்டாகச் சுமந்து வருகிறாள். மரக்கறித் தோட்டத்து ஓரம் கொஞ்சம் இடமிருந்தால் கோயம்புத்தூரில் உருவான சி.ஓ.-3 புல்லை நடலாம். ஆண்டின் முதல் மாதங்களில் வெயிலும் இரவுப் பனியுமாகப் புல் கருகும்போது பால் குறைகிறது. நார்த்தீனி குறைந்து தவிடும் புண்ணாக்கும் கூடினால் பாலின் கொழுப்பும் இறங்கும். அத்தோடு விலையும் இறங்கும்.

இன்னொன்று. கன்று ஈனுவதற்கு முன் ஏறக்குறைய இரண்டு மாதம் கறவையை நிறுத்த வேண்டும். கர்ப்பிணிக்குப் பால் குடிக்கச் சொல்லும் அதே மாதத்தில் அவள் வீட்டுப் பசு வற்றி நிற்கலாம். எந்தப் போசணைப் பாடநூல் இதைச் சொல்லித் தரும்?

பால்மாக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஐந்து கிராம் மா போட்டால் கிடைக்கும் புரதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். 200 மில்லிலீற்றர் பசும்பாலில் ஆறு கிராமுக்கு மேல் இருக்கிறது. பால் கொடுக்கிறோம் என்று தாய் சொல்வது பொய்யில்லை, அளவுதான் போதாது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கி ஒரு கிலோ பால்மா 945 ரூபாயிலிருந்து 1,195 ரூபாய்க்கு ஏறியபோது அந்த ஐந்து கிராமுக்கும் கை நடுங்கியது.

பாலைக் கொண்டாடவும் ஓர் எல்லையுண்டு. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. இரத்தசோகையுள்ள பெண் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பும் உடலில் சரியாகச் சேராது. கொட்டிலிலிருந்து வரும் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்க வேண்டும். மாட்டுக்கு மருந்து போட்டால் கால்நடை வைத்தியர் சொன்ன நாள் வரை அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்கக்கூடாது, விற்கவும் கூடாது.

கொட்டிலைப் பார்த்துவிட்டு வரும் போசணைத் துறை உத்தியோகத்தர் வீடுகளுக்குப் போகும்போது “பிள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களா?” என்பதோடு நிறுத்தமாட்டார். பசு எப்போது கன்று போடும், அந்திப் பால் எங்கே போகிறது என்றும் கேட்பார். மாலையில் சேகரிப்பு வண்டி வராத தோட்டங்களில் அந்த அந்திப் பாலில் ஒரு லீற்றரை வீட்டிலேயே நிறுத்த முடிந்தால், அது ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை.