வெண்ணெய்ப் பழமும் சிறுநீரகமும்

பழனி மலைச் சரிவுகளில் விளையும் வெண்ணெய்ப் பழம் இப்போது சமவெளி நகரங்களிலும் விற்பனைக்கு வருகிறது. இதனை உண்டால் சிறுநீரகம் வலுப்பெறும் என்று சிலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்று எல்லோர்க்கும் பொருந்துவதன்று.

பயிருக்குச் சாம்பல் சத்து என்று நாம் இடுவதையே மருத்துவர்கள் பொட்டாசியம் என்பர். நூறு கிராம் வெண்ணெய்ப் பழத்தில் அது சுமார் 485 மில்லிகிராம் உள்ளது. வாழைப்பழத்தில் சுமார் 360. நலமான சிறுநீரகம் மிகையானதைச் சிறுநீருடன் கழித்துவிடும். அத்தகையோர்க்கு நார்ச்சத்து மிக்க இப்பழம் நல்லுணவே. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கோ அச்சத்து இரத்தத்திலேயே தேங்கும். அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். காய்கறியை நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, நீரை இறுத்துவிட்டால் அச்சத்தில் ஒரு பகுதி நீங்கும். பச்சையாகவே உண்ணும் இப்பழத்திற்கு அவ்வழியில்லை. இராசபாளையம் தோப்புகளின் இளநீரும் அவ்வாறே. நோயாளிக்கு அன்புடன் வாங்கிக் கொடுப்பதே அவருக்குக் கேடாக முடியலாம்! மருத்துவரைக் கேட்டபின் கொடுப்பதே முறை.

கரிசல் நிலத்து வெயிலில் உழைப்போரும், சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளரும், நோயற்றவராயின், பழத்தினும் முதலாக நாடவேண்டியது தண்ணீரையே. வியர்வை பெருகி, குடிக்கும் நீர் குறைந்தால் சிறுநீரகத்தில் கல் தோன்ற ஏதுவாகும். வேலைத் தலங்களில் குடிநீர் கிடைக்கிறதா என்று ஊராட்சி உறுப்பினர்கள் நேரில் பார்த்தல் நன்று. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி, இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் இந்நோய் வலி காட்டுவதில்லை.