தரை வண்டும் அதன் இரையும்

நெல் வயலில் இறங்கி நின்று பார்ப்போர்க்குப் பூச்சிகள் பல கண்ணிற்படும். அவற்றுள் பயிரைத் தின்பவை சில. பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்பவை சில. இவ்விரு வகையையும் பிரித்தறியாது மருந்து தெளிப்பதனால் பணம் வீணாவதோடு, நமக்குத் துணை நிற்கும் உயிர்களும் மடிகின்றன. அத்துணைவர்களுள் ஒன்றாகிய தரை வண்டைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

அடையாளம்

தரை வண்டுகளில் பல்லாயிரம் இனங்கள் உள. நம் நெல் வயல்களில் சாதாரணமாகக் காணப்படுவது ஒபியோனியா இண்டிகா என்னும் இனமாகும். இதன் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. உடல் ஒடுங்கி நீண்டது, தலை கறுத்தது, கழுத்து மிகக் குறுகியது. செம்பழுப்பு நிறமுள்ள மேற்சிறகில் கருநீலப் பட்டை காணப்படும். விரைந்தோடும் இயல்பினால் முதற்பார்வைக்கு எறும்பெனத் தோன்றும். இதன் புழு பளபளக்கும் கருநிறம் உடையது.

செம்மஞ்சளும் கருநீலமும் கலந்த வேறொரு வண்டும் அதே வயலில் உண்டு. அதனை உடல்மேல் வைத்து நசுக்கினால் தோலில் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். அதன் மேற்சிறகு குட்டையாதலால் வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். தரை வண்டின் சிறகோ வயிற்றைப் பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டும் புகையானைத் தின்பவையே. ஆகவே இரண்டையும் கொல்லலாகாது.

உணவு

இலைச் சுருட்டுப் புழு நெல்லின் இலையை நீளவாக்கில் மடித்து, ஓரங்களை மெல்லிய இழையாற் பிணைத்து, உள்ளிருந்தபடியே பசுமையைச் சுரண்டித் தின்னும். இலையில் வெண்கோடுகள் தோன்றுவது இதனாலேயே. மடிப்பினுள் மறைந்திருக்கும் அப்புழுவைத் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. தரை வண்டோ அம்மடிப்பினுள்ளேயே புகுந்து அதனைத் தின்றுவிடுகிறது.

வளர்ந்த வண்டு மட்டுமன்றி அதன் புழுவும் வேட்டையாடும். நாளொன்றுக்கு 3 முதல் 5 இலைச் சுருட்டுப் புழுக்கள் வரை ஒன்று தின்னும் எனக் கணக்கிட்டுள்ளனர். பத்து நாட்களில் இது 30 முதல் 50 வரை ஆகும். வளர்ந்த வண்டு புகையானையும் தின்னும். ஆனைக்கொம்பன் ஈயின் புழுக்களும் இதற்கு இரையாவதுண்டு.

மருந்தினால் நேரும் கேடு

புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அம்முட்டைகளைத் தொடுவதில்லை. வெளியே திரியும் வண்டும் சிலந்தியுமே முதலில் இறக்கின்றன. சில நாட்களில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளைத் தின்ன வயலில் எதுவும் இராது. எனவே, மருந்து தெளித்த வயலே மிகுதியாகக் காய்ந்துபோவதும் உண்டு. இந்தோனேசியாவில் புகையானால் பெருஞ்சேதம் விளைந்தபோது, அந்நாட்டு அரசு 1986ஆம் ஆண்டில் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

செய்யத்தக்கவை

நட்ட 30 முதல் 40 நாட்களுக்குள் இலையில் காணும் சிறு சேதத்தை இளம்பயிர் புதிய தூர் விட்டு ஈடு செய்துகொள்ளும். அதற்காக மருந்து தெளிக்க வேண்டுவதில்லை. தூர் விடும் பருவத்தில் நூற்றுக்குப் 10 இலைகளோ, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் நூற்றுக்கு 5-ஓ சேதமுற்றால்தான் இலைச் சுருட்டுப் புழுவுக்கு மருந்தை நாடலாம். புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டும்போது கவனிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம்.

தரை வண்டு கூட்டுப்புழுவாக இருப்பது வரப்பு மண்ணிலாகும். ஆதலால் வரப்பைக் கழித்துச் சீர்செய்தல் தகும். தீயிடுதலும் மருந்திடுதலும் தகா. தழைச்சத்தை ஒரே முறையில் மிகுதியாக இட்டால் இலைச் சுருட்டுப் புழு பெருகும். அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து இடுதல் வேண்டும்.

பூச்சிக்கு வரப்பு எல்லையன்று. ஒருவர் காத்த வண்டு அடுத்தவர் வயலின் மருந்தால் மடியக்கூடும். ஆகவே ஒரு பாசன வாய்க்காலைச் சார்ந்த அங்கத்தினர்கள் கூடிப் பேசி, வயலைப் பார்த்துக் கணக்கெடுத்த பின்னரே மருந்து வாங்குவதா வேண்டாமா என முடிவு செய்வது நன்று. பயிர்க்கடனில் மருந்துக்கெனச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் அறுவடைக்குப் பின் நாமே திரும்பச் செலுத்த வேண்டியது. கூலி கேளாமல் உழைக்கும் வண்டு வயலில் இருக்கும்போது அச்செலவில் ஒரு பகுதியையேனும் குறைத்துக் கொள்ளலாம்.