மண்டகப்பட்டுக் குடைவரையும் அதன் கல்வெட்டும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. சென்று உள்ளே திரும்பினால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை அடையலாம். அங்கே தாழ்ந்த பாறையொன்றின் வடமுகத்தில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயில் உள்ளது. மாமல்லபுரத்தில் காணும் கூட்டம் இங்கு இல்லை. இவ்வட்டாரச் சபைகளில் தொண்டாற்றும் குருமாருள்ளும் இதனைக் கண்டோர் சிலரே.

முகப்பில் பருமனான இரு தூண்கள். இரு கோடிகளிலும் வாயிற்காவலர் உருவங்கள். தூண்களின் அடியும் முடியும் சதுரம், இடைப்பகுதி எட்டுப்பட்டை. பின்சுவரில் மூன்று சிற்றறைகள். அவ்வளவே. அழகை நாடி வருவோர் ஏமாறக்கூடும். இக்கோயிலின் சிறப்பு அதன் கல்வெட்டிலேயே உள்ளது.

கிரந்த எழுத்தில் அமைந்த அவ்வடமொழிச் செய்யுளின் கருத்து இது: செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்காக விசித்திரசித்தன் என்னும் அரசன் இவ்விலக்ஷிதாயதனத்தை அமைப்பித்தான். விசித்திரசித்தன், இலக்ஷிதன் என்பன மகேந்திரனின் விருதுப்பெயர்கள். தானே முதன்முதலில் கல்லைக் குடைந்தவன் என்று அவன் கூறவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். எவை இல்லாமல் செய்தான் என்பதையே கூறுகிறான். அக்காலத்துக் கோயில்கள் எவற்றால் எழுந்தன என்பது இதனால் விளங்கும். நம் ஆலயங்களில் பலவும் அதே நான்கு பொருள்களால் கட்டப்பட்டவையன்றோ?

தமிழகத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. அங்ஙனமாயின் அதுகாறும் கோயிற்பணிக்குக் கல்லை விலக்கியது ஏன்? பல்லவக் குடைவரைகளை விரிவாக ஆராய்ந்து 1964இல் நூல் வெளியிட்ட கே. ஆர். சீனிவாசன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். கல்லறைகளும் நடுகற்களும் கல்லால் ஆனவை. ஆதலின் கல் இறந்தோருக்குரியதாக எண்ணப்பட்டது என்பது அவர் கருத்து. இது முடிந்த முடிபன்று. எனினும் இறையியல் மாணவர் எளிதில் கடந்துசெல்லத்தக்கதும் அன்று. அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு கன்மலையில் வெட்டியிருந்ததும் கல்லறையே. இறந்தோரின் பொருளைத் தெய்வத்துக்கு உரியதாக்க மகேந்திரன் துணிந்தான் எனின், அது கட்டடக்கலை மாற்றம் மட்டுமன்று, சமய எண்ணத்தின் மாற்றமுமாகும்.

சிற்றறைகள் இன்று வெறுமையாய் உள்ளன. தொடக்ககாலக் குடைவரைகளில் வழிபடப்பட்ட உருவங்கள் வண்ண ஓவியமாகவோ, சுதையாகவோ, மரத்தாலோ அமைந்திருக்கலாம் என்பர் அறிஞர். இது உண்மையாயின், மரமும் சுண்ணமும் விலக்கிய பாறையினுள் அவையே மீண்டும் இடம்பெற்றன எனலாம். பாறை நிலைத்தது, வழிபடப்பட்டது மறைந்தது.

மூன்று அறைகளைக் கண்டவுடன் திரித்துவத்தை நினைவுகூர்ந்து பிரசங்கம் செய்ய விழைவோர் உண்டு. இது தவிர்க்கத்தக்கது. ஒரே கூரையின்கீழ் மூவருக்கும் தனித்தனி வாயில்கள் உள்ளன. மூவரும் ஒருவரே என்று கல்வெட்டு யாண்டும் கூறவில்லை. அயலாரின் வழிபாட்டிடத்தை நம் கோட்பாட்டின் நிழலாக்குவது அவர்களுக்கும் நீதியன்று, நம் கோட்பாட்டுக்கும் நன்றன்று.

வேறோர் ஒப்பீடு பயன் தரும். எகிப்தில் நைல் நதியின் மேற்குக் கரையில், கெபெல் எல்-சில்சிலா என்னுமிடத்து மணற்பாறையில், கி.மு. 14ஆம் நூற்றாண்டினனாகிய ஓரெம்கேபு மன்னனின் பெயரால் ஒரு குடைவரை உண்டு. அபு சிம்பெலின் புகழ் இதற்கில்லை. அதன் உட்கருவறையில் வரிசையாக அமர்ந்துள்ள எழுவருள் மன்னனும் ஒருவன். தெய்வங்களோடு தெய்வமாக அமர்ந்திருக்கிறான். மண்டகப்பட்டில் அரசனின் உருவம் இல்லை. ஆயினும் அவன் முற்றிலும் ஒதுங்கிவிட்டான் என்பதற்கில்லை. மூன்று தெய்வங்களின் கோயில் அவன் விருதுப்பெயரையே தாங்கியுள்ளது!

செல்வோர் காலையில் புறப்பட்டு, அருகிலுள்ள தளவானூரையும் காணலாம். அங்குள்ள சத்துருமல்லேசுவரம் மகர தோரணம் அணிந்த முகப்புடையது. வடமொழிக் கல்வெட்டோடு தமிழ்ச் செய்யுளும் உண்டு. திண்டிவனத்தார்க்கு அண்மையிலுள்ளது கீழ்மாவிலங்கை. ஒரே சிற்றறையில், பாறையிலேயே செதுக்கப்பட்ட திருமால் நின்ற கோலத்தில் காட்சியளிக்கிறார். மண்டகப்பட்டின் வெற்றறைகளைக் கண்டபின் இதனைக் காண்பது நன்று.