ஆசனத்தில் அமராத அங்கத்தவர்

பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முதற் பெண் அங்கத்தவர் யார் என வகுப்பிலே வினவினால், கற்ற மாணாக்கர் அஸ்ரர் சீமாட்டியின் பெயரையே கூறுவர். 1919ஆம் ஆண்டு டிசெம்பரில் மக்கள் சபையிற் சென்றமர்ந்த முதற் பெண்மணி அவர்தாம். ஆயின், அவருக்கு ஓராண்டு முன்னரே அச்சபைக்குத் தெரிவுசெய்யப்பட்ட பெண்ணொருவர் இருந்தார். அவர் அங்கே அமர்ந்தாரல்லர்; அமர மறுத்தார்.

கொன்ஸ்ரன்ஸ் மார்க்கியெவிச் என்னும் அவ்வம்மையார் 1868இல் இலண்டனிற் பிறந்து, அயர்லாந்தின் மேற்கிலுள்ள லிசடெல் மாளிகையில் வளர்ந்தவர். தந்தையார் பெருநிலக்கிழார். 1887இல் விக்டோரியா மகாராணியாரின் சமுகத்திலே அறிமுகஞ் செய்யப்பட்ட சீமான் வீட்டுப் பெண் இவர். பாரிஸிலே ஓவியம் பயின்றபோது கண்டு பழகிய கசிமிர் மார்க்கியெவிச் என்னும் ஓவியரை 1900இல் மணந்தார். விருந்தும் வேட்டையும் நாடகமுமாகக் கழிந்திருக்கக்கூடிய வாழ்வு அது.

1908இல் அவர் சின் பெயின் இயக்கத்திற் சேர்ந்தார். 1913இல் டப்ளின் முதலாளிமார் தொழிலாளரை வேலைத்தலங்களுக்கு வெளியே நிறுத்திக் கதவடைத்தபோது, தொழிற்சங்க மண்டபத்திலே அடுப்பு மூட்டி அவர்தங் குடும்பங்களுக்கு உணவளித்தார். அவர் துப்பாக்கி ஏந்தியதையே நூல்கள் விரித்துரைக்கும். எமக்கோ அவர் அகப்பை ஏந்தியதே பெரிதெனத் தோன்றுகின்றது.

1916ஆம் ஆண்டு ஈஸ்டர் கிளர்ச்சியில் ஒரு படைப்பிரிவின் துணைத்தலைவராக நின்று சரணடைந்தார். இராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனை, பெண் என்னும் ஒரே காரணத்தால் ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. 1917இல் விடுதலையானார், மறு ஆண்டே மீண்டும் சிறை.

அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டங்கள் விசித்திரமானவை. முப்பது வயது நிரம்பாத பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் இருபத்தொரு வயதிலே வேட்பாளராக நிற்கலாம்! டிசெம்பர்த் தேர்தலிலே போட்டியிட்ட பெண்கள் 17 பேர். வென்றவர், இலண்டன் ஹொலவே சிறையிலிருந்த இவர் ஒருவரே. சபைக்கு வருமாறு பிரதமர் அலுவலகத்திலிருந்து சிறைக்கு வந்த கடிதம் 'அன்புள்ள ஐயா' என்றே தொடங்கிற்றாம்.

சின் பெயின் அங்கத்தவர் இலண்டன் செல்லாது 1919 ஜனவரி 21இல் டப்ளினிலே தமக்கெனச் சபை கூட்டினர். சிறையிலிருந்தோரின் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, 'அந்நியரால் அடைக்கப்பட்டுள்ளார்' என விடையிறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் இவர் தொழில் மந்திரியானார். 1922 ஜனவரியில் இவர் நீங்கியபின், அந்நாட்டு மந்திரிசபையில் இன்னொரு பெண் இடம்பெற 1979 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1921இன் ஒப்பந்தம் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு கோரியது. இவர் இணங்கவில்லை. 1922இல் தோற்றார், 1923இலும் 1927 ஜூனிலும் வென்றார். வென்றும் சபை புகவில்லை. கொள்கையுறுதி போற்றத்தக்கதே. ஆயினும், அவரை அனுப்பிய டப்ளின் ஏழை மக்களுக்காகச் சபையில் ஒலித்திருக்க வேண்டிய குரல் ஒலியாது போயிற்றே என்னும் ஏக்கம் எமக்கு உண்டு.

1927 ஜூலை 15இல் டப்ளின் வைத்தியசாலையொன்றின் பொதுவார்ட்டில், ஏழைகளிடையே அவர் உயிர் நீத்தார். இறுதி ஊர்வலத்திலே சனத்திரள் தெருக்களை நிறைத்தது. அடுத்த மாதம் அவருடைய கட்சியினர், 'இது வெறுஞ் சடங்கு' எனக் கூறிப் பிரமாண ஏட்டிலே கையொப்பமிட்டுச் சபைக்குட் சென்றமர்ந்தனர்.