ஓஐசிக்கு மேலே யார்?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி ஷெரிஃப் ஆக வேண்டுமானால் தேர்தலில் நின்று வெல்ல வேண்டும். எத்தனை வருடம் பொலிஸில் இருந்தாய், போதைப்பொருளுக்கு என்ன செய்வாய் என்று வேட்பாளரை ஊர்ச்சனம் நேரிலேயே கேட்கலாம். புதுக்குடியிருப்பிலோ கண்டாவளையிலோ இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது? பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசியை நியமிப்பதும் மாற்றுவதும் மேலிடத்து வேலை. இரவில் மணல் ஏற்றிப் போகிற டிப்பர், காட்டோரத்துக் கசிப்பு, சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டை வாசிக்க முடியாமலே வைக்கிற கையெழுத்து என்று முறையிட ஆயிரம் இருக்கும். வாக்குப் போட்டு அனுப்பியவரிடம் முறையிட்டால், அவரும் பொலிஸாருக்குக் கடிதம்தான் எழுதுவார்.

இந்த நிலையை மாற்றலாம் என்ற எதிர்பார்ப்போடு வடக்கு மாகாண சபைத் தேர்தலில் மக்கள் வாக்களித்த நாள் 2013 செப்டெம்பர் 21. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் முதலமைச்சர் வேட்பாளர் சி.வி. விக்னேஸ்வரன் 1979இல் நீதித்துறைக்கு வந்து, 2004இல் உயர் நீதிமன்ற நீதியரசராக ஓய்வு பெற்றவர். குற்றமும் தண்டனையும் அவருக்குப் புதிதல்ல. காணி, பொலிஸ் அதிகாரங்களை மாகாணத்துக்குத் தர வேண்டும், இராணுவம் குடிமக்கள் விடயங்களிலிருந்து விலக வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். அவர் நின்றது யாழ்ப்பாணத்தில்; விருப்பு வாக்குகள் 132,255. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வாக்காளர்கள் அவருடைய இலக்கத்துக்குப் புள்ளடி போட வழியில்லை, கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்குத்தான் போட முடிந்தது. 38 ஆசனங்களில் கூட்டமைப்புக்கு 30.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி, மாகாணத்துக்கான பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்தோடுதான் பொலிஸ் மா அதிபர் நியமிக்க வேண்டும். இணக்கம் வராவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு முடிவெடுக்கும். மூவர் கொண்ட மாகாண பொலிஸ் ஆணைக்குழுவில் ஒருவர் முதலமைச்சரின் நியமனம். பொது ஒழுங்கு விடயத்தில் அந்தப் பிரதிப் பொலிஸ் மா அதிபர் முதலமைச்சருக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும். எழுத்தில் இவ்வளவும் இருக்கிறது. எந்த ஜனாதிபதியும் நடைமுறைப்படுத்தவில்லை. 2023 ஜூலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 13ஐத் தருகிறேன், பொலிஸ் அதிகாரம் நீங்கலாக என்றார். கூட்டமைப்பு மறுத்துவிட்டது. வடக்கு மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்து, எல்லை நிர்ணயச் சிக்கலில் தேர்தலும் நின்றுபோயிருந்தது.

2023 செப்டெம்பரில், குருந்தூர்மலைத் தொல்லியல் இடப் பிணக்கு வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி உயிரச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். நீதிபதிக்கே இந்தக் கதி என்றால் சாதாரண முறைப்பாட்டாளர் எந்த நம்பிக்கையில் ஸ்ரேசன் படியேறுவார்?

ஆனால் மாகாணத் தேர்தல் வரும்போது, பொலிஸ் அதிகாரம் வந்தால் எல்லாம் சரி என்று மேடையில் சொல்கிறவரையும் சும்மா விடக்கூடாது. அரசுக்கு எதிரான குற்றங்கள், தேர்தல் குற்றங்கள், நாணயக் குற்றங்கள் அப்போதும் தேசியப் பிரிவின் கையில்தான். தொல்லியல் திணைக்களமும் வனத் திணைக்களமும் மத்திய அரசினுடையவை; குருந்தூர்மலை மாதிரியான பிணக்குகளில் முதலமைச்சரின் கை அவ்வளவு நீளாது. டிப்பருக்கும் கசிப்புக்கும் நீளும். மாகாண பொலிஸ் ஆணைக்குழுவுக்கு யாரை அனுப்புவீர்கள் என்று அந்த வேட்பாளரிடம் பெயரோடு கேட்கலாம்.